கிரீஸ் பூதம் வந்த நோன்பு

எங்கள் ஊரில் சிங்களம் சரளமாகப் பேசத் தெரிந்தவனுக்கு இராத் தூக்கம் நிச்சயமில்லை. பதினொரு மணிக்குக் கதவு தட்டுப்படும். "மாஸ்டர், கோவிச்சிக்காதீங்க, ஒருக்கா பொலிசுக்கு வரணும்" என்று வாசலில் நாலு பேர் நிற்பார்கள். ஒருவருடைய மகன் பிடிபட்டிருப்பான். மற்ற மூவரும் துணைக்கு வந்தவர்கள். சாரத்தைக் களைந்து களிசானை மாட்டிக்கொண்டு புறப்பட வேண்டியதுதான். இதற்காகவே என் மனைவி ஒரு வெள்ளைச் சேட்டைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டிருந்தாள். வெள்ளைச் சேட்டுக்காரனைத்தான் பொலிஸில் கதிரையில் இருக்கச் சொல்வார்கள் என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. பெரும்பாலும் பலித்தது.

சிங்களத்தை நான் படித்துத் தேறியவன் அல்ல. வாப்பா கல்லோயாத் திட்டத்தில் வேலைக்குப் போனவர். ஹிங்குராணை சீனித் தொழிற்சாலைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் என் சின்ன வயது கழிந்தது. பக்கத்து வீட்டுப் பொடியன்களோடு கரும்பு களவெடுத்துத் தின்றபோது தொற்றிக்கொண்ட பாஷை அது. பிறகு கல்முனைக்குத் திரும்பி, ஆசிரியராகி, கணக்குப் படிப்பித்தேன். ஊருக்கு என் கணக்கைவிட என் சிங்களம்தான் கூடுதலாக உதவியது.

கூட்டம் எப்படிக் கூடுகிறது என்பதை முதலில் வாப்பாவிடம்தான் கேட்டேன். 1956 ஜூனில், தனிச் சிங்களச் சட்ட மசோதா பாராளுமன்றத்துக்கு வந்த நாட்களில், கல்லோயாவில் பெரிய கலவரம். வாப்பா அப்போது இளந்தாரி. மட்டக்களப்பிலிருந்து தமிழர் படை ஒன்று துவக்குகளோடு வருகிறது என்று கதை பரவியதாம். படையொன்றும் வரவில்லை. அது வருகிறது என்று நம்பியவர்கள் லொறிகளில் ஏறி வந்தார்கள். "பொய் முதல்ல வந்திச்சு மனே, அதுக்குப் பொறகால மனுசன் வந்தான்" என்பார் வாப்பா. பொலிஸும் இராணுவமும் சுட்டுத்தான் அதை அடக்க வேண்டியிருந்தது.

கல்முனையில் நான் வாலிபனாக இருந்த காலத்துப் பொலிஸை இப்போதுள்ள பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். அப்போது பொலிஸ் என்றால் சைக்கிள் லைட். இருட்டில் லைட் இல்லாமல் வந்தால், அல்லது இரண்டு பேர் ஏறி வந்தால், சந்தியில் நிற்கும் கொன்ஸ்டபிள் வழக்குப் போடமாட்டார். குனிந்து சக்கரத்துக் காற்றைத் திறந்து விடுவார். தள்ளிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தால் வாப்பாவிடம் மிச்சத் தண்டனை. கட்டாக்காலி மாடு, கசிப்பு, வேலிச் சண்டை, இரண்டாம் காட்சி விட்ட பிறகு தியேட்டர் வாசலில் நடக்கும் அடிபிடி. சார்ஜன்ட் ஒருவர் இருந்தார், மாத்தறைப் பக்கத்துக்காரர். பின்னேரத்தில் சந்தைக்கு வந்து, கீரி மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, எங்கள் தமிழில் விலை பேசுவார். இஞ்சி போட்ட பிளேன்டீ குடிப்பார். சந்தைக்குள் யார் யாருக்குக் கடன், யாருடைய மருமகன் யாரோடு கோபம், எல்லாம் அவருக்குத் தெரியும். சண்டை வந்தால் அவர் ஓடி வருவதில்லை. நடந்து வருவார். கடைக்காரரின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார், அவ்வளவுதான்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. 1985 ஏப்ரலில் காரைதீவு எரிந்தது. எங்கள் முஸ்லிம் ஊர்களிலிருந்து போன பொடியன்கள் அங்கே தமிழர் வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள். பாதுகாப்புப் படையினர் அவர்களுக்குத் துணைநின்றார்கள் என்பது காரைதீவாருடைய குற்றச்சாட்டு. அதை மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. காக்கிச் சட்டை நம் பக்கம் நிற்கிற நாளில், சட்டம் ஒழுங்கைப் பற்றி எங்களில் ஒருவரும் கவலைப்பட்டதில்லை. பின்னாட்களில் நாங்கள் பொலிஸைப் பற்றிச் சொன்ன முறைப்பாடுகளை அந்த ஏப்ரலோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

பிறகு 1990. ஜூன் 11, திங்கட்கிழமை. கிழக்கு மாகாணத்துப் பொலிஸ் நிலையங்களை விடுதலைப் புலிகள் ஒரே நாளில் சுற்றி வளைத்தார்கள். ஜனாதிபதி பிரேமதாசவின் அரசாங்கம் புலிகளோடு நடந்த பேச்சுவார்த்தையைக் காப்பாற்ற நினைத்தது. சண்டை பிடிக்காமல் சரணடையும்படி கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. சரணடைந்த சிங்கள, முஸ்லிம் பொலிஸாரைப் பிரித்தெடுத்துக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். திருக்கோவில் பக்கத்து ரூபஸ்குளம் என்ற பெயர் அப்படித்தான் நாடறிந்தது. கொல்லப்பட்டவர்கள் 600க்கும் மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. கல்முனை நிலையத்திலிருந்து போனவர்களும் அதற்குள் அடக்கம். அந்த மாதமே இராணுவம் கல்முனைக்குள் வந்தது. அதற்குப் பிறகு கல்முனைத் தமிழர்களில் எத்தனையோ பேர் கொல்லப்பட்டார்கள், காணாமற்போனார்கள். ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிகளில் தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் சுட்டார்கள். அடுத்த கிழமை ஏறாவூர். ஒரே கோடைக்குள் இவ்வளவும்.

மீன் வாங்க வந்த மாத்தறை சார்ஜன்ட் அதற்கு முன்பே மாற்றலாகிப் போயிருந்தார். அவருக்குப் பிறகு வந்தவர்களில் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. அந்த ஜூன் மாதத்தில் என்னை அரித்தது அதுதான். இத்தனை பேரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள், துஆவில் சொல்ல ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை.

பொலிஸ் திரும்பி வந்தது. ஆனால் திரும்பி வந்தது வேறு பொலிஸ். மணல் மூட்டை, தார்ப் பீப்பா, முட்கம்பி, மேலே தகரக் கூரை போட்ட காவலரண். வாசலில் பெயரைப் பதிந்து, பையைத் திறந்து காட்டி உள்ளே போக வேண்டும். எங்கள் பொடியன்களுக்கு ஷொட்கன் கொடுத்து ஊர்காவல் படையில் சேர்த்தார்கள். இரவில் ஊரின் எல்லையில் பழைய மாணவர்கள் துவக்கோடு நிற்பார்கள், "யாரு, மாஸ்டரா?" என்று என்னையே டோர்ச் அடித்துப் பார்ப்பார்கள். பீதியில் வாழ்ந்த பொலிஸைக் குறை சொல்ல முடியாது. 1990இல் தன் தோழர்களுக்கு நடந்ததைக் கேள்விப்பட்டு வந்த ஒரு கொன்ஸ்டபிள், சந்தையில் தனியாக நின்று மீன் செவுளைத் தூக்கிப் பார்ப்பானா? சாமானை ஜீப்பில் வந்து வாங்கினார்கள். நாலு பேர் துவக்கோடு சுற்றி நிற்க, ஒருவர் கத்தரிக்காய் நிறுப்பார். இருபது வருஷம் இப்படிப் போனது.

முறைப்பாட்டுப் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சொல்கிறவர் தமிழில் சொல்வார். எழுதுகிறவர் சிங்களத்தில் எழுதுவார். முடிவில் தமிழ்க்காரர் சிங்களத்துக்குக் கீழே ஒப்பம் வைப்பார். தமிழும் அரசகரும மொழிதான், சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் என்னைப் போல ஓர் ஆள் பக்கத்தில் இருந்து, "அப்படி இல்ல சேர், அவர் சொன்னது வேலிக்கு இந்தப் பக்கம்" என்று திருத்த வேண்டியிருந்தது. ஒரு நிலையத்தில், பெண்ணொருத்தி தன் புருஷன் அடித்ததைச் சொல்ல, அது புருஷனும் பொஞ்சாதியும் சமாதானமாகிவிட்டார்கள் என்று முடிந்திருந்தது. வாசித்துக் காட்டியபோது அவள் என்னைத்தான் முறைத்தாள். நாட்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம் 1865இல் வெள்ளைக்காரன் எழுதியது. மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொன்னது, சொன்னதோடு சரி.

யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது. மணல் மூட்டைகள் கிழிந்து மணல் கொட்டினாலும் அவற்றை எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பூதம் வந்தது.

2011 ஓகஸ்ட் தொடங்கியதும் நோன்பு தொடங்கியது. பூதத்தின் கதை மலைநாட்டுப் பக்கத்திலிருந்து இறங்கி வந்ததாகச் சொன்னார்கள். உடம்பு முழுக்கக் கறுப்புக் கிரீஸ், பிடித்தால் வழுக்கும். சப்பாத்துக்குக் கீழே ஸ்ப்ரிங், மதிலை ஒரே பாய்ச்சலில் தாண்டும். கையில் இரும்பு நகம், பெண்களின் நெஞ்சைக் கீறும். "மர்ம மனிதன்" என்று பத்திரிகைகள் மரியாதையாக எழுதின. நாங்கள் கிரீஸ் பூதம் என்றோம். முதலில் எனக்குச் சிரிப்பு. பள்ளியில் நோன்புக் கஞ்சி வாங்க வாளியோடு நிற்கிற சின்னப் பிள்ளைகள்கூட அதன் உயரத்தை அடிக் கணக்கில் சொன்னார்கள்.

சிரிப்பு போனது தராவீஹ் நேரத்தை நினைத்தபோது. இஷாவுக்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம் ஆண்கள் எல்லாரும் பள்ளியில். வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் மட்டும். வருஷத்தில் எங்கள் ஊரைப் பயமுறுத்த விரும்புகிற யாருக்கும் அதைவிட வாய்ப்பான மாதம் கிடையாது. தெருவிலிருந்து "அல்லாஹ்!" என்று ஒரு குரல் கிளம்பும். அடுத்த வீட்டில் பாத்திரத்தில் கரண்டியால் தட்டுவார்கள். அதற்கடுத்த வீடு தட்டும். இரண்டு நிமிஷத்தில் கடற்கரை வீதி வரைக்கும் சட்டிபானைச் சத்தம். தொழுகையில் நின்றவர்கள் சலாம் கொடுக்காமலே ஓடியதை என் கண்ணால் பார்த்தேன். பெண்கள் கூடித் தொழுத வீடுகளில் அந்தத் தொழுகை நின்றது. டோர்ச் பற்றரி கடைகளில் தீர்ந்தது. கிணற்றடிக்குப் போகத் துணை, கக்கூசுக்குப் போகத் துணை.

கீறல் பட்ட பெண்கள் இருந்தார்களா? இருந்தார்கள். கையில் கீறலோடு வந்த ஒருத்தியை நானே பார்த்தேன். அவள் பொய் சொல்கிறவள் அல்ல. யாரோ சில இடங்களில் எதையோ செய்திருக்கிறார்கள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எல்லாமே பிரமை என்று கொழும்பில் இருந்துகொண்டு எழுதியவர்கள் தராவீஹ் நேரத்தில் எங்கள் தெருவில் ஒரு பெண்ணாக இருந்து பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் எல்லாக் கதைகளும் ஒரே மாதிரி முடிந்ததையும் கவனித்தேன். துரத்தினோம், ஓடினான், முகாமுக்குள் பாய்ந்துவிட்டான். சம்மாந்துறைக் கதையும் இப்படித்தான், அக்கரைப்பற்றுக் கதையும் இப்படித்தான். எங்கள் ஊர்களின் அமைப்பைத் தெரிந்தவனுக்கு இதில் ஒரு காரணம் தெரியும். பிரதான வீதிக்கும் கடலுக்கும் நடுவில் வீட்டோடு வீடு ஒட்டியிருக்கிறது. ஒழுங்கைக்குள் ஒரு பூனை ஓடினாலும் யாருடைய பூனை என்று சொல்வார்கள். இருட்டும் வெறும் நிலமும் இருக்கிற இடம் முகாம்தான். துரத்துகிறவன் கட்டாயம் நின்றுவிட வேண்டிய இடமும் அதுதான். முட்கம்பிக்கு முன்னால் மூச்சு வாங்க நின்றவனுக்கு, தன் கையில் சிக்காதவன் கம்பிக்கு உள்ளேதான் இருக்கிறான் என்று தோன்றாமல் என்ன செய்யும்? உள்ளே இருந்தவர்கள் யாரென்று தெரிந்திருந்தால் தோன்றியிருக்காது. யாரையும் தெரியாதே.

பிடிபடுகிறவனைப் பொலிஸ் வந்து கூட்டிப் போய்விடும். காலையில் விட்டுவிடும். பிடித்தவர்கள்மேல் வழக்கு வரும். பொலிஸ் பக்கத்து நியாயம் சரிதான்: சந்தேகத்தில் அடிபடுகிற அப்பாவியை அவர்கள் காப்பாற்றத்தானே வேண்டும். ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு பேரைக் கூட்டம் அடித்தே கொன்றிருந்தது. ஆனால் தெருவில் நிற்கிறவன் பார்த்தது, பூதத்தைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவதை.

அப்படியான ஓர் இரவில் என்னைப் பள்ளியிலிருந்து கூட்டிப் போனார்கள். வெள்ளைச் சேட்டுக்கு அவசியமில்லை, தொழப்போன ஜுப்பாவோடு போனேன். சந்தியில் முந்நூறு பேராவது நின்றிருப்பார்கள். லைட் கம்பத்தில் ஒருவனை நைலோன் கயிற்றால் கட்டியிருந்தார்கள். நாற்பது வயது, உதட்டில் இரத்தம், ஒரு காலில் செருப்பில்லை. பக்கத்தில் அவனுடைய றெக்சின் பை. அதற்குள்ளிருந்து எடுத்த ஒரு போத்தலை ஒரு பொடியன் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான். "கிரீஸ் போத்தலோட புடிச்சிரிக்கம் மாஸ்டர்!"

கூட்டத்துக்கு வெளியே ஜீப். அதைச் சுற்றி இளந்தாரிகள் கொட்டனோடு. ஜீப்பிலிருந்து இறங்கிய சப் இன்ஸ்பெக்டருக்கு இருபத்தைந்து வயதுக்கு மேலிராது. ரீ-56 துவக்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அவரோடு வந்த ஐந்து பேரும் ஒருவரோடொருவர் முதுகு ஒட்டி நின்றார்கள். யாராவது ஒருவன் ஒரு கல்லை எறிந்திருந்தால் போதும்.

நான் முதலில் கட்டப்பட்டவனிடம் போனேன். சிங்களத்தில் ஊர் எது என்று கேட்டேன். சியம்பலாண்டுவ. இங்கே என்ன வேலை? தைலம் விற்கிறேன் மாத்தயா, கடைசி பஸ்ஸை விட்டுட்டேன், கடைத் திண்ணையில் படுக்க இடம் பார்த்தேன். அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. போத்தலை வாங்கி மூடியைத் திறந்தேன். வேப்பெண்ணெயும் கற்பூரமும் கலந்த வாசம். கூட்டத்தைப் பார்த்து, "இது மூட்டு வலித் தைலம்" என்றேன். "மாஸ்டரை ஏமாத்துறான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கணக்குப் படிப்பித்த மரியாதை சந்தியில் அவ்வளவுதான்.

அப்போதுதான் பக்கத்து வளவிலிருந்து ஒரு மூத்தம்மா வந்தார். பொடியன்கள் வழி விட்டார்கள். அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் அவர் கையால் அப்பம் வாங்கித் தின்று வளர்ந்தவர்கள். டோர்ச்சை வாங்கி, கட்டியிருந்தவனின் முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். "அட நாசமாப் போவானுகளே, இவன் போன மாசம் என்ட முழங்காலுக்கு எண்ணெய் தந்த சிங்களவன்டா! ஐம்பது ரூபா கடனும் குடுக்க இரிக்கி!" என்றார். கயிற்றைக் கட்டியவனே அவிழ்த்தான்.

அதோடு முடிந்தது என்று நினைத்து நான் சப் இன்ஸ்பெக்டரிடம் போனேன். அவர் அவனை ஜீப்பில் ஏற்றச் சொன்னார். கூட்டம் மறுபடி இறுகியது. வேடிக்கை என்னவென்றால், அவன் பூதம் இல்லை என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் ஜீப்பில் ஏற்ற விடமாட்டார்கள். ஏற்றினால் அவன் திரும்பவும் பூதமாகிவிடுவான். பத்து நிமிஷம் இரண்டு பக்கமும் நடந்தேன். அவர் எனக்குச் சொன்னதில் பாதியையும், இவர்கள் சொன்னதில் முக்கால்வாசியையும் நான் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். "இவனுக்கு ஒண்டு நடந்தா நான்தான் பதில் சொல்லணும், எனக்கு ஒரு கடதாசி வேணும்" என்று கடைசியில் அந்தப் பொடியன், ஆம் பொடியன்தான், கேட்டார். நியாயமான கேள்வி. கொப்பித் தாளில் சிங்களத்தில் எழுதினேன்: இன்னார் இரவு பள்ளித் திண்ணையில் தங்குவார், காலையில் பஸ்ஸில் ஏற்றிவிடப்படுவார், பொறுப்பு பள்ளி நம்பிக்கையாளர் சபை. தலைவர் ஹாஜியார் ஜீப்பின் பொனட்டில் தாளை வைத்து ஒப்பமிட்டார். டோர்ச் பிடித்தவன், போத்தலைத் தூக்கிக் காட்டிய அதே பொடியன்.

சஹருக்கு அவனுக்கும் சோறு கொடுத்தோம். காலையில் முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். மூத்தம்மா ஐம்பது ரூபாவை அனுப்பியிருந்தார்.

எல்லா இடத்திலும் இப்படி முடியவில்லை. பொத்துவிலிலும் ஓட்டமாவடியிலும் கூட்டமும் படையும் மோதின. கிண்ணியாவில் கடற்படை முகாமைச் சுற்றி வளைத்தார்கள். புத்தளத்தில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் ஆண்களை இரவோடிரவாக இழுத்துப்போய் அடித்தார்கள். எங்கள் பக்கத்திலும் ரயர் எரிந்தது, கண்ணீர்ப்புகை அடித்தார்கள், பிள்ளைகள் உள்ளே போனார்கள்; தாய்மாரோடு நானும் வாசலில் பெயர் பதிந்துகொண்டு நின்றேன். கிரீஸ் பூதம் என்று ஒன்று இல்லை என்று பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்ஷ பள்ளிவாசல் பிரமுகர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அவசரகாலச் சட்டத்தை இனி நீடிப்பதில்லை என்று ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ ஓகஸ்ட் 25இல் பாராளுமன்றத்தில் அறிவித்தார். அதை நீடிக்கச் சாட்டுத் தேடித்தான் பூதத்தை அனுப்பினார்கள் என்று அதுவரை சொன்னவர்கள், அறிவித்த பிறகு வேறு காரணம் சொன்னார்கள். பெருநாளோடு எங்கள் பக்கத்தில் சத்தம் அடங்கியது.

2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறை நகரத்தில் பொய் மறுபக்கமாக வந்தது. ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடைக் கொத்தில் மலட்டு மாத்திரை போட்டிருக்கிறார்கள் என்று கூட்டம் சேர்ந்து, கடையையும் பள்ளிவாசலையும் உடைத்தது. மாத்திரை என்று தூக்கிக் காட்டியது மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார். அப்படியொரு மாத்திரையே உலகத்தில் இல்லை. ஒரு கிழமைக்குள் கண்டிப் பக்கத்துத் திகன எரிந்தது, நாடு முழுக்க அவசரகாலச் சட்டம் வந்தது. கூட்டம் தூக்கிக் காட்டிய மாவுக் கட்டியின் படத்தைப் பார்த்தபோது எனக்குத் தைலப் போத்தல்தான் ஞாபகம் வந்தது. அங்கே டோர்ச்சோடு ஒரு மூத்தம்மா வரவில்லை.

சாய்ந்தமருதைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 2019 ஏப்ரல் 26, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து ஐந்தாம் நாள், வெள்ளி. வொலிவேரியன் கிராமம் சுனாமிக்குப் பிறகு கட்டப்பட்ட குடியிருப்பு. அங்கே ஒரு வீட்டுக்குப் புதிதாக ஆட்கள் வந்திருக்கிறார்கள், பேச்சும் போக்கும் சரியில்லை என்று சந்தேகப்பட்டது அக்கம்பக்கத்தார். போய்க் கேட்டதும் அவர்களே, பொலிஸுக்குச் சொன்னதும் அவர்களே. இரவு வெடிச் சத்தம் என் வீட்டு ஜன்னலை அதிரவைத்தது. மறுநாள் பதினைந்து உடல்கள் கிடைத்ததாகப் பொலிஸ் சொன்னது. ஆறு சிறுவர்கள். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் தகப்பனும் சகோதரர்களும் அதற்குள். அந்தத் தாக்குதல்காரர்களை ஜனாஸாவாக ஏற்று அடக்க முஸ்லிம் ஊர்கள் மறுத்தன.

அடுத்தவன் வீட்டுச் சமாசாரத்தில் மூக்கை நுழைக்கிறார்கள் என்று எங்கள் ஊர்ப் பெண்களை நானும் கேலி செய்ததுண்டு. புதுக் குடித்தனக்காரி ஒரு நாளும் வாசலுக்கு வந்து சிரிக்கவில்லையே, பிள்ளைகளை விளையாட விடவில்லையே என்று கணக்கெடுக்கிற அந்தக் கண் எந்தப் புலனாய்வுப் பிரிவிலும் இருந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பிரிவுகளுக்கு ஏப்ரல் 21க்கு முன்னமே வெளிநாட்டிலிருந்து தகவல் கிடைத்திருந்தது என்பது பிறகு விசாரணைகளில் வெளியானது.

காட்டிக்கொடுத்த ஊருக்குக் கிடைத்தது ஊரடங்குச் சட்டமும் தேடுதலும். வீடு வீடாக வந்தார்கள். கதவுக்குப் பின்னாலிருந்த வெள்ளைச் சேட்டு மறுபடி வேலைக்கு வந்தது. அரபு எழுத்தைக் கண்டதும் புத்தகத்தை எடுத்து ஓரமாக வைப்பார்கள். "இது தொழுகை முறை, இது பிள்ளையின் மத்ரஸாப் பாடம்" என்று நான் அட்டையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போவேன். குர்பானிக் கத்தி, தேங்காய் உடைக்கிற கத்தி, மீன் வெட்டுகிற கத்தி எல்லாவற்றுக்கும் விளக்கம். முந்திய இரவே பலர் புத்தகங்களைக் கிணற்றுக்குள்ளும் களப்புக்குள்ளும் போட்டிருந்தார்கள். என்னிடமிருந்த சிங்கள நாவல்களைக் கண்ட ஒரு கோப்ரல், தேடுவதை விட்டுவிட்டு, மார்ட்டின் விக்கிரமசிங்கவை வாசிப்பீர்களா என்று கேட்டு நின்றார். அடுத்த வீட்டில் அவரே அலுமாரியைக் கவிழ்த்தார்.

2022இல் பெற்றோல் வரிசைக் காலம். இரவு பகலாக வாகனங்கள் நின்றன, கைகலப்பு இல்லாத நாளில்லை. எம்பிலிப்பிட்டியக் கொன்ஸ்டபிள் ஒருவன் அப்போது இங்கே இருந்தான். தமிழ் படித்து வந்தவன். உச்சரிப்பு மோசம், கூச்சம் கிடையாது. "நானா, நீங்க நேத்து அடிச்சது தானே?" என்று பிடிப்பான். யார் எந்தத் தெரு, யாருடைய ஓட்டோ எந்த இலக்கம் என்று ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வைத்திருந்தான். வரிசைக்குள் புகுந்த ஒரு பெரிய மனிதரின் வானைப் பெயர் சொல்லித் திருப்பி அனுப்பினான், வரிசை கைதட்டியது. பின்னேரங்களில் சந்தைப் பக்கம் சிவில் உடுப்பில் வருவான். மீன் பார்க்கத் தெரியாது, பழசை எடுப்பான். யாபாரிகளே மாற்றிக் கொடுப்பார்கள்.

அடுத்த வருஷம் அவனுக்கு மாற்றல் வந்தது, வடமத்திய மாகாணத்துக்கு. கொப்பியைக் கொண்டுபோனானா, நிலையத்தில் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போனானா என்று விசாரித்தேன். அப்படி ஒரு கொப்பி இருந்ததே அங்கே யாருக்கும் தெரியவில்லை. பொறுப்பதிகாரியும் அதற்குப் பிறகு இரண்டு முறை மாறிவிட்டார். இப்போது வந்திருப்பவர் குருநாகல்காரராம். வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு அவரைச் சந்திக்க நம்பிக்கையாளர் சபை நேரம் கேட்டிருக்கிறது. புதிய தலைவருக்குச் சிங்களம் கொஞ்சம் வரும். இருந்தாலும், "மாஸ்டர், நீங்களும் ஒருக்கா வாங்க" என்கிறார்.